ரெமிஜியஸ் சார் வாசித்த அரைப் பக்கம்

பாஞ்சாலி அக்காவைப் பற்றி வேறு யாராவது எழுதினால் பொறுமைசாலி, உழைப்பாளி, அதிர்ந்து பேசமாட்டாள் என்று ஆரம்பிப்பார்கள். நான் அப்படி ஆரம்பிக்கப்போவதில்லை. அவள் ஒரு மனிதரைப் பழிவாங்கினாள். ஒரு மாதம் திட்டம் போட்டு, அவசரமே படாமல், பன்னிரண்டு பேர் பார்க்க வாங்கினாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் நோரா. லிங்கராஜபுரத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா பத்து வருஷமாக என்னிடம்தான் தைத்துக்கொள்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது கோலார் தங்கவயலில். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தாள். பதினெட்டு வயதில் பெயின்ட் வேலை செய்யும் முனியப்பனைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்தாள். அன்றிலிருந்து வீட்டு வேலைதான். ஒரே மகள், அந்தப் பெண் ஆறு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரியும். அவள் கையில் எப்போதும் ஒரு தமிழ்ப் புத்தகம் இருக்கும். நான் கொக்கி வைத்து முடிக்கிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். கூப்பிட்டால் காதில் விழாது.

"அப்படி என்னக்கா இருக்கு அதுல?" என்பேன்.

"இரு நோரா. இந்தப் பொம்பள இப்பத்தான் பொட்டி கட்டிக்கினு கீறா. புருசன் வூட்ட வுட்டுப் போறாளா இல்லியான்னு பாத்துட்டு வரேன்."

இனி ரெமிஜியஸ் சார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஏதோ பெரிய தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கலையாத தலை, சர்ச்சில் முன் வரிசை. மனைவி ஃபிலோ ஆன்ட்டி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அதன்பிறகு அவர் வீட்டில் சமையல், துடைப்பு எல்லாம் பாஞ்சாலி அக்காதான்.

அவரும் நானும் ஒரு வாசிப்பு வட்டத்தில் இருந்தோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பதினொரு மணிக்கு, பிரேசர் டவுனில் கேரல் வீட்டு ஹாலில் கூடுவோம். கேரல் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கண்டிப்பானவள், எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருப்பாள். இப்போது எதைப் படித்துக்கொண்டிருக்கிறோமோ அதைப் பற்றித்தான் பேச வேண்டும்; முடித்துவிட்ட புத்தகம் கூடாது. ஆளுக்கு ஐந்து நிமிஷம். புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில் உறை போட்டுக் கொண்டுவர வேண்டும், பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலிலேயே சொன்னால் டிரேவர் போனில் தேடி முடிவைக் கத்திவிடுவான். நடுவில் அரைப் பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். பேசி முடித்ததும் புத்தகம் கை மாறிக் கை மாறி எல்லோரிடமும் போய் வரும்.

எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவோம், சண்டை போடுவோம், ஜெபம் சொல்வோம். எழுத்து மட்டும் தெரியாது. இங்கே கான்வென்டில் இங்கிலீஷும் கன்னடமும் படித்து வளர்ந்தால் அப்படித்தான். கேரலுக்கே வராது, டிரேவருக்கும் வராது. அவர்கள் அதை மறைத்ததில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து தமிழில் கதை சொல்வார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்தது கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'பாவம், கூச்சப்பட்டிருப்பார்' என்று ரெமிஜியஸுக்குப் பரிந்துகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் எங்கள் வட்டத்தின் ராஜா அவர்தான். மாதம் தவறாமல் ஒரு தமிழ் நாவலோடு வருவார். அரைப் பக்கத்தை அவர் வாசித்தால் மின்விசிறிச் சத்தம்கூட இடைஞ்சலாக இருக்கும். நாங்கள் கதை சொல்வோம். அவர் அந்தக் கதைக்குள் இருக்கிற பெண்களின் மனதைச் சொல்வார். 'ஒரு ஆம்பளைக்கு இதெல்லாம் எப்படிப் புரியுது!' என்று நானே எத்தனை தடவை வாயைப் பிளந்திருக்கிறேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்குக் கேரல் வீட்டு வேலைக்காரப் பெண் வரவில்லை. டீ கொடுப்பதற்காக ரெமிஜியஸ் பாஞ்சாலி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் தைத்துக் கொடுத்த பச்சை பிளவுஸ் போட்டிருந்தாள். கையில் பை. பைக்குள் காலண்டர் தாள் உறை போட்ட ஒரு புத்தகம் இருந்ததை நான் பார்த்தேன். எங்கள் வட்டத்தின் விதிகளையெல்லாம் கடையில் வைத்து நான்தான் அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அப்படியானால் ஒரு தடவைகூட அவளை ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தோன்றவில்லை. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அன்றைக்கு ரெமிஜியஸ் ஒரு நாவலைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு தாய் தன் பிள்ளை போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பாள். அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என் ஃபிலோ போனப்புறம் அவ தலகாணி உறைய நான் துவைக்கல. எட்டு மாசம். அவ தேங்காயெண்ணெ வாசனை அதுலதான் இருந்துச்சு. ஒருநாள் ஊர்லேருந்து வந்த என் தங்கச்சி, தெரியாம, அதை எடுத்து சோப்புத் தண்ணில ஊற வச்சுட்டா. நான் போய்ப் பாக்கறப்ப நுரை பொங்கிட்டு இருக்கு. அந்தத் தண்ணியக் கொட்ட எனக்கு மனசு வரல. மூணு நாள் அந்த பக்கெட்ட அப்படியே வச்சிருந்தேன்."

ஹாலில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதோம். நான் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அடுப்பறை வாசலில் பாஞ்சாலி அக்கா தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவளும் கதை கேட்டு அழுகிறாள் என்று நினைத்தேன்.

"வேற யாராவது பேசறீங்களா?" என்று கேரல் கேட்டாள்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "நானும் ஒண்ணு படிச்சிக்கினு கீறேம்மா. சொல்லலாமா?"

கேரல் வாயைத் திறப்பதற்குள் ரெமிஜியஸ் சிரித்துவிட்டார். "ஐயோ பாஞ்சாலி! மொதல்ல டீயைக் குடும்மா, ஆறிடப் போவுது." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரியே, "பாவம், அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. தினம் சாயங்காலம் நான்தான் வாசிச்சுக் காட்டறேன். கேட்டுக் கேட்டு ஆசை வந்துடுச்சு" என்றார்.

"எவ்ளோ நல்ல மனசு அங்கிள் உங்களுக்கு!" என்றாள் கேரல். சோ ஸ்வீட் என்று வேறு யாரோ சொன்னார்கள்.

எனக்குத் தெரியும், அக்காவுக்குப் படிக்கத் தெரியும் என்று. பத்து வருஷமாக என் கண் முன்னால் படிக்கிறாள். 'பொய் சொல்றீங்க சார்' என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லை. எல்லோரும் அழுது முடித்து நெகிழ்ந்து போயிருந்தார்கள், அவர் சார், நான் டெய்லர். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"தலகாணி உறை என்னுது நோரா. எம் பொண்ணோடது. ஊற வச்சது எங்க நாத்தனாரு. மூணு நாளு அந்த பக்கெட்டாண்ட உக்காந்திருந்தது நானு. அந்தாளு பொண்டாட்டி செத்த மறுவாரமே அவங்க துணியெல்லாம் மூட்டை கட்டி ஆசிரமத்துக்கு அனுப்பிட்டாரு. மூட்டை கட்டினதே நான்தான்."

அப்புறம்தான் மொத்தக் கதையும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கண் சரியில்லை, கொஞ்சம் வாசித்துக் காட்டு என்று ரெமிஜியஸ் கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதருக்குத் தமிழுக்கு மட்டும் கண் கெட்டுவிட்டது! அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாதென்று அக்காவுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அவள் கேலி செய்யவில்லை. வேலை முடித்து நான்கு மணிக்கு உட்கார்ந்து தினமும் வாசித்தாள். வாசிக்கும்போது மனதில் பட்டதையெல்லாம் சொன்னாள்: இவள் ஏன் இப்படிச் செய்தாள், நானாக இருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன், இந்த அம்மா பொய் சொல்கிறாள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரே அரைப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். மனப்பாடம் ஆகிறவரை.

"எனக்கு அது குஷியாத்தான் இருந்துச்சு நோரா. ரெண்டு பேரும் சேந்து படிக்கிறா மாதிரி. எனக்கு வூட்ல யார் கீறாங்க, படிச்சதப் பேச? நான் சொல்றத ஒரு மனுசன் காது குடுத்துக் கேக்கறாரேன்னு இருந்துச்சு."

நாங்கள் மூன்று வருஷமாகத் தலையாட்டிக் கேட்டதெல்லாம் இவள் பேச்சு.

"இப்பவே கேரலுக்கு போன் போடறேன்" என்றேன்.

"நேத்து எங்க போயிருந்துச்சு உன் போனு?"

நான் எடுத்த போனைக் கீழே வைத்தேன்.

"நீ சொன்னா அவரு இல்லன்னுவாரு. அவரு சாரு, நான் வேலைக்காரி. நீங்கல்லாம் யார நம்புவீங்க? எனக்கு அவரு சொல்லணும். எல்லார் எதிர்லயும் அவரு வாயாலயே வரணும், அது என்னுதுன்னு."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக அவள் செய்ததைச் சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை சிவாஜிநகருக்கு பஸ் ஏறிப் போனாள். பழைய புத்தகக் கடையில் ஒரு மணி நேரம் கிளறி, ஆடு மாடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். முதலில் கிடைத்ததில் ஆட்டுப் படம் இருந்ததாம், வேண்டாமென்று வைத்துவிட்டாள். இரண்டாவதில் படம் கிடையாது, ரெமிஜியஸ் அந்த மாதம் எடுத்திருந்த நாவலின் அதே அளவு, அதே கனம். தலைப்போ எண்ணோ இல்லாமல் வரிசையாக எழுத்து மட்டும் ஓடுகிற பக்கமாகப் பார்த்து, அடையாளத்துக்கு ஒரு தையல் நூலை வைத்தாள். ஒரே காலண்டரின் இரண்டு தாள்களைக் கிழித்து, நாவலுக்கும் இதற்கும் உறை போட்டாள்.

அந்த நான்கு வாரமும் அவர் வீட்டுக்குப் போனாள். குழம்பில் ஒரு கல் உப்பு கூடவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தினமும் நான்கு மணிக்கு உட்கார்ந்து நாவலை வாசித்தாள். ஊரைவிட்டு ஓடிப்போன மகளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற அம்மாவின் கதை. கடைசி வாரம் அந்த அரைப் பக்கத்தைப் பதினோரு தடவை வாசிக்கச் சொன்னாராம். "பன்னெண்டாவது தபா நானே கேட்டேன், இன்னொரு வாட்டி படிக்கட்டுமா சார்னு. நல்லா ஏறட்டும்னு" என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு வந்தது. போன தடவை டீ நன்றாக இருந்ததென்று கேரலே அக்காவை வரச் சொல்லியிருந்தாள். அக்கா சொன்னபடி நான் ரெமிஜியஸ் பக்கத்தில் இடம் பிடித்தேன். புறப்படும் அவசரத்தில் உறை போட்ட புத்தகத்தை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

அவர் எழுந்தார். பேசினார். இந்த அம்மாவின் பிடிவாதம் பாசமல்ல, கோபம் என்றார், எல்லோரும் தலையாட்டினார்கள். அது யாருடைய பேச்சு என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். பிறகு நூல் வைத்த பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். ஒரு வரியில்கூடத் தடுக்காமல் வாசித்தார்.

"பஸ் நின்றது. இறங்கியவர்களில் அவள் இல்லை. கண்டக்டர் பரிதாபமாகப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்..."

கண்கள் வரி வரியாக இடமிருந்து வலம் போயின. ஒரு தடவை விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைக்கூடத் திருப்பினார். நடிப்பென்றால் அதுதான் நடிப்பு! முடித்ததும் கை தட்டினார்கள். புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

நான் நூல் இருந்த பக்கத்தைத் திறந்தேன். "சார், நீங்க வாசிச்சது இந்தப் பக்கம்தானே?"

"ஆமா நோரா. எப்படி இருக்கு?"

"எல்லாருக்கும் ஒரு வாட்டி படிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாக வாசித்தேன். "கழிச்சல் கண்ட ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துத் தனியே கட்ட வேண்டும். வாலையும் பின்புறத்தையும் வெதுவெதுப்பான நீரால் கழுவிவிட வேண்டும்."

டிரேவர் குபீரென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தமிழ் படிக்கத் தெரிந்த கிளெமென்ட் அண்ணன் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார். "முழுக்க ஆடு மாடுதான்" என்றார்.

ரெமிஜியஸின் காது சிவந்தது. அப்போதாவது அந்த மனிதர் ஒத்துக்கொண்டிருக்கலாம். இல்லையே! "பாஞ்சாலி மாத்திக் குடுத்துட்டா. படிப்பறிவு இல்லாதவ, எந்த உறை எதுன்னு தெரியல" என்றார்.

"அங்கிள், மாத்திக் குடுத்தாங்க, சரி. ஆனா நீங்க அதைப் பாத்துதானே வாசிச்சீங்க?" என்றாள் கேரல். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. மெதுவாகப் புரிந்தது, அது அவள் முகத்தில் தெரிந்தது.

அக்கா அடுப்பறையிலிருந்து வந்தாள். இந்தத் தடவை கையில் தட்டு இல்லை, உண்மையான நாவல் இருந்தது. அதைத் திறந்து, நின்றபடி, அதே அரைப் பக்கத்தை வாசித்தாள். பஸ் நின்றது, இறங்கியவர்களில் அவள் இல்லை. அவர் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. மூடினாள்.

"ஆமா சார், மாத்திதான் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றாள். "போன மாசம் தலகாணி உறை கதை ஒண்ணு சொன்னீங்களே. அது யாரோடது?"

அவர் கதவைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க சார். எழுத்து வாசனை இல்லாதவதானே கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போங்க. யாரோடது?"

ஹாலில் பன்னிரண்டு பேரும் அவரையே பார்த்தோம். ஒருவரும் அவருக்கு உதவவில்லை. இந்த மனிதர் வியர்ப்பதைப் பார்க்க வேண்டுமென்று நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன், கண் கொட்டாமல் பார்த்தேன்.

"உன்னோடது" என்றார் கடைசியில்.

"எம் பொண்ணோடது."

"உன் பொண்ணோடது."

"பேரு சொல்லுங்க."

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார், மூடினார். அரைப் பக்கத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கிற மனிதர். அந்தப் பேரை அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து மூன்று வருஷமாகச் சொல்லியிருக்கிறாள் அவள். ஒவ்வொரு கதையிலும் ஒரு பெண் வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். அவருக்குத் தேவைப்படாத ஒரே வார்த்தை அதுதான் போலிருக்கிறது. எங்களிடம் ஃபிலோ என்று மாற்றிச் சொல்லிக்கொண்டாரே.

கேரல் அழுதுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. நீங்களே சொல்லுங்க. உங்க பொண்ணு பேர் என்ன?"

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். என்னையும்தான்.

"சொல்ல மாட்டேம்மா. சொன்னா அதையும் எடுத்துக்குவீங்க."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பையிலிருந்த இன்னொரு புத்தகத்தை எடுத்து, தான் படித்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினாள். ரெமிஜியஸ் எதிரே உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று. அதற்கப்புறம் அவர் வட்டத்துக்கு வரவில்லை. என்னைப் பார்த்தால் ரோட்டைக் கடந்துவிடுகிறார். அக்கா அவர் வீட்டு வேலையை அன்றைக்கே விட்டுவிட்டாள். இப்போது மாதாமாதம் வருகிறாள், பேசுகிறாள், டீயை நாங்கள் போட்டுக் கொடுக்கிறோம். அவளிடம் பேர் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் முடிந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையைத் திறந்து பழைய அளவு நோட்டுகளை இறக்கினேன். அந்தப் பெண்ணுக்கு நான் தைத்திருக்கிறேன், காலேஜ் சுடிதார்கள், ஒரு பட்டு பிளவுஸ். பேரை எழுதி வைத்திருப்பேன் என்று ஒரு நம்பிக்கை. நான்காவது நோட்டில் கிடைத்தது. மார்பு முப்பது, இடுப்பு இருபத்தாறு, கை நீளம் ஏழு. மேலே, என் கையெழுத்தில், 'பாஞ்சாலி அக்கா பொண்ணு' என்று மட்டும் இருந்தது.